பழுதாக வந்த பொருளும் திரும்பி வர வேண்டிய பணமும்

தென்காசியில் இருக்கும் என் அத்தை இரண்டு வருடங்களுக்கு முன் இணையத்தில் ஒரு மிக்ஸி வாங்கினார். 750 வாட், மூன்று ஜார், விலை 3,649 ரூபாய். வந்த அன்றே பெட்டியைப் பிரித்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டார். மூன்றாம் நாள் தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது கருகிய வாடை வந்து மிக்ஸி நின்றுவிட்டது. அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினார், ஓடியது. பத்து விநாடியில் மறுபடி நின்றது. ஜாரைத் தூக்கினால், அதன் அடியிலிருந்து கசிந்த தேங்காய்ப்பாலில் கப்ளர் முழுக்க நனைந்திருந்தது.

உடனே வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் செய்தார். "டெக்னீஷியன் வருவார்மா" என்றார்கள். நான்கு நாள் கழித்து மறுபடி அடித்தார். "நாளைக்குக் கண்டிப்பா வருவார்" என்றார்கள். ஒன்பதாம் நாள் ஒருவர் வந்தார், பார்த்தார், "மோட்டார் போயிருக்கு, கம்பெனிக்குச் சொல்லிடறேன்" என்று கிளம்பிவிட்டார். செயலியைத் திறந்தால், பொருளைத் திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்று காட்டியது. அது ஏழு நாள் கெடு. அப்போதுதான் எனக்கு ஃபோன் வந்தது. "ஏய்யா, நான் மூணாம் நாளே சொல்லிட்டேனே. அவங்கதானய்யா நாளக் கடத்துனாங்க? இப்போ என் மேல குத்தம் சொல்லுதாங்க."

அத்தை சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அதைக் காட்ட அவர் கையில் எழுத்து என்று ஒன்றுமே இல்லை. இணையத்தில் வாங்கிய பொருள் பழுதாகிப் பணத்தை இழந்தவர்களில் பலரும் இந்த இடத்தில்தான் இழந்திருக்கிறார்கள். சட்டம் அவர்களுக்குச் சாதகமாகத்தான் இருந்தது. சொன்ன தேதிக்குச் சாட்சிதான் இல்லை. ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: பேசியதை அன்றைக்கே எழுத்தாக்குங்கள்.

மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். கடையில் நேரில் வாங்குவதும் இணையத்தில் வாங்குவதும் ஒன்றே என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. அதே மாதம் 23ஆம் தேதி அதன் கீழ் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் வந்தன. இணையத்தில் பொருள் வாங்குகிறவர்களுக்கு முதன்மையான ஆயுதம் இந்த விதிகள்தான்.

அவற்றில் உள்ள ஒரு விதியை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லாவிட்டாலோ, சொன்ன தேதியைத் தாண்டி வந்தாலோ, அதைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது. இயற்கைச் சீற்றம் போன்ற காரணத்தால் தாமதமானால் மட்டும் விலக்கு உண்டு.

"எங்கள் கொள்கைப்படி இந்தப் பொருளுக்கு மாற்று மட்டும்தான், பணம் கிடையாது" என்று சேவை மையத்தில் சொல்வார்கள். நிறுவனத்தின் கொள்கை, நாட்டின் விதிக்கு மேலானது அல்ல. நிறம் பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை, மனம் மாறிவிட்டது என்றால் அவர்கள் கொள்கைதான் பேசும். அங்கே நீங்கள் வாதாட அதிகம் இடமில்லை. பழுது என்று வந்துவிட்டால் பேச வேண்டியது விதி. பழுதான பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்றே வகைப்படுத்துகிறது.

ஆகவே செயலியில் திருப்பி அனுப்பும் காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது நிதானமாகப் படியுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று "இனி தேவையில்லை" என்பதை அமுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு தொடுதலில் உங்கள் பழுதுப் புகார், மனம் மாறியவரின் கோரிக்கையாகிவிடும். அதேபோல், பிடிக்காத புடவையைக் கிழிந்திருக்கிறது என்று பொய் சொல்லி அனுப்பாதீர்கள். அந்தப் பொய்களின் சுமை, உண்மையாகவே கிழிந்த புடவை வந்தவரின் தலையில் போய் விழுகிறது.

இன்னொரு சாக்கும் சொல்வார்கள்: "நாங்கள் வெறும் தளம், விற்றது வேறொருவர்." தளம் வேறு, விற்பனையாளர் வேறு என்பது பல நேரம் உண்மைதான், பில்லைப் பார்த்தால் தெரியும். ஆனாலும் தளத்துக்கென்று தனிக் கடமைகள் உண்டு. குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் எண் தர வேண்டும். விற்பனையாளரின் முகவரியை நீங்கள் எழுதிக் கேட்டால் கொடுக்க வேண்டும்.

தளம் கைகழுவ முடியாது என்பதற்கு ஒரு குக்கர் சாட்சி. ஐஎஸ்ஐ தரக்குறி இல்லாத பிரஷர் குக்கர்களைத் தன் தளத்தில் விற்க விட்டதற்காக, 2022 ஆகஸ்டில் அமேசானுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓர் ஆணை பிறப்பித்தது. விற்கப்பட்ட 2,265 குக்கர்களையும் திரும்பப் பெற்று, வாங்கியவர்களுக்குப் பணம் தர வேண்டும், ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் கட்ட வேண்டும் என்பது அந்த ஆணை. அதை எதிர்த்து நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது வேறு விஷயம். விற்றவர் யாராக இருந்தாலும் தளத்தையும் கேள்வி கேட்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பெட்டியைப் பிரிக்கும் நேரம்

விலை கூடிய பொருள் என்றால், பிரிப்பதைக் காணொளியாக எடுங்கள். இதில் ஒரு முறை இருக்கிறது. ஒட்டு கிழியாத பெட்டியில் தொடங்க வேண்டும். முகவரிச் சீட்டும் ஆர்டர் எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். பெட்டியின் ஆறு பக்கத்தையும் காட்டுங்கள். பிறகு ஒரே தொடராக, நிறுத்தாமல், பொருள் வெளியே வரும் வரை எடுங்கள். நடுவில் வெட்டு விழுந்தால் "இடையில் மாற்றிவிட்டார்கள்" என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். ஃபோன் என்றால் பெட்டியில் உள்ள ஐஎம்இஐ எண்ணும், ஃபோனில் *#06# அழுத்தினால் வரும் எண்ணும் ஒன்றுதானா என்று அதே காணொளியில் காட்டிவிடுங்கள். மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் சீரியல் எண் ஒட்டியிருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

எடுத்த காணொளியை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பிவிட்டு அசலை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் போகும்போது காணொளி சுருங்கிவிடும். எடுத்த தேதி விவரமும் அதனோடு போகாது. அசல் கோப்பு உங்கள் ஃபோனிலோ மின்னஞ்சல் சேமிப்பிலோ அப்படியே இருக்கட்டும்.

கொண்டுவருபவர் முன்னிலையில் பிரித்துப் பார்க்கும் வசதி சில தளங்களில், சில பொருள்களுக்கு உண்டு. இருந்தால் பயன்படுத்துங்கள். பார்த்து முடிக்கும் வரை ஓடிபியைச் சொல்ல வேண்டாம். அதைச் சொல்லிவிட்டால், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டதாகத்தான் பொருள்.

அதே நாளில் பில்லை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் எப்போதும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். விற்பனையாளர் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் எல்லாம் பில்லில்தான் இருக்கின்றன. பொருளைப் பற்றிய பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள். "750 வாட், காப்பர் மோட்டார்" என்று அன்றைக்கு எழுதியிருந்ததை நாளைக்கே மாற்றிவிடலாம்.

அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். திருப்பி அனுப்பும் காலம் முடியும் வரை பெட்டியும் உள்ளே வந்த தெர்மாகோலும் பரண்மேல் கிடக்கட்டும்.

டெக்னீஷியன் வருவார் என்று காத்திருப்பது

அத்தை விழுந்த குழி இது. பழுது என்று சொன்னதும் பல நிறுவனங்கள் செய்யும் முதல் காரியம், டெக்னீஷியனை அனுப்புகிறோம் என்பதுதான். பழுது உண்மையா என்று பார்க்க அவர்களுக்கும் நியாயம் உண்டு. ஆனால் அவர் வருவதற்குள் உங்கள் கெடு ஓடிக்கொண்டிருக்கும். ஃபோனில் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் கெடு நிற்காது.

ஃபோனை வைத்த கையோடு ஒரு மின்னஞ்சலோ, செயலியின் உரையாடலில் ஒரு செய்தியோ அனுப்புங்கள். "இன்று மார்ச் 12, காலை 10.20க்கு உங்கள் சேவை எண்ணில் பேசினேன். மிக்ஸி இரண்டு முறை தானாக நின்றது, ஜார் கசிகிறது என்று தெரிவித்தேன். டெக்னீஷியன் வருவார் என்றீர்கள். அவர் எப்போது வந்தாலும், இந்தப் புகாரை நான் கெடுவுக்குள் தெரிவித்திருக்கிறேன் என்பதைப் பதிவு செய்கிறேன்." இவ்வளவு போதும். உரையாடல் முடிந்ததும் திரையைப் படம் பிடித்துவிடுங்கள்; சில செயலிகளில் பழைய உரையாடல் பிறகு திறக்காது.

டெக்னீஷியன் வந்தால் ஜாப் ஷீட் கேளுங்கள். தாளில் இல்லாவிட்டால் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ வர வேண்டும். அதில் பழுது இன்னது என்று எழுதியிருக்க வேண்டும். "பார்த்தேன்" என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். நிறுவனத்தின் ஆளே மோட்டார் பழுது என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அதைவிட நல்ல சாட்சி உங்களுக்கு வேறு கிடைக்காது.

அத்தை விஷயத்தில் இது எதுவுமே இல்லை. நான் செய்த முதல் வேலை, அவருடைய ஃபோனில் அழைப்புப் பட்டியலைத் திறந்தது. மூன்றாம் நாள் காலை அந்தச் சேவை எண்ணுக்குப் பேசியது 11 நிமிடம் என்று இருந்தது. குறுஞ்செய்திகளுக்கு நடுவே, ரேஷன் கடைச் செய்திக்கும் வங்கிச் செய்திக்கும் இடையில், அன்றைய தேதியிட்ட ஒரு புகார் எண்ணும் வந்து கிடந்தது. அத்தை அதைப் படிக்கவே இல்லை. அந்த இரண்டையும் படம் பிடித்தேன். பணம் திரும்பி வந்ததற்கு அடித்தளம் அந்த இரண்டு படங்கள்தான். எழுத்தில் ஒன்றுமில்லை என்று சோர்ந்து போகிறவர்கள் முதலில் தங்கள் ஃபோனைத் துழாவிப் பாருங்கள்.

மாற்றுப் பொருளா, பணமா

என் கருத்தைச் சொல்கிறேன். நம்பகமான பொருளில் ஏதோ ஒன்று மட்டும் பழுதாக வந்திருந்தால், ஒரு முறை மாற்றுப் பொருள் வாங்கிப் பார்க்கலாம். அதுவும் பழுதென்றால் அதோடு நிறுத்திக்கொண்டு பணத்தைக் கேளுங்கள். மூன்றாவதும் வரட்டும் என்று போவது மாதக்கணக்கில் இழுக்கும். புத்தம் புதிய பொருளைப் பழுதுபார்த்துத் தருகிறோம் என்றால், கெடு இருக்கும்போது ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

"பொருளை வைத்துக்கொள்ளுங்கள், 400 ரூபாய் திருப்பித் தருகிறோம்" என்றும் ஆசை காட்டுவார்கள். சிறு கீறல் என்றால் வாங்கிக்கொள்வது உங்கள் விருப்பம். ஓடாத மோட்டாருக்கு வாங்கினால் புகார் தீர்ந்ததாகப் பதிவாகிவிடும். தளத்தின் வாலட்டிலோ பரிசு அட்டையிலோ தொகையைப் போடுகிறோம் என்றாலும் மறுத்துவிடுங்கள். நீங்கள் எந்த வழியில் கொடுத்தீர்களோ அந்த வழியிலேயே பணம் வர வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். ரொக்கம் கொடுத்து வாங்கியிருந்தால் வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் கேட்பார்கள். அதைச் செயலிக்குள் மட்டும் பதியுங்கள்.

இஎம்ஐயில் வாங்கியவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொருளைத் திருப்பியதால் மட்டும் இஎம்ஐ நின்றுவிடாது. பணம் கார்டுக்கு வந்த பிறகு, கடன் மூடப்பட்டதா, பிடித்த வட்டி என்ன ஆயிற்று என்று வங்கியிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதும் கடிதம்

சேவை மையத்தில் இரண்டு முறை கேட்டும் நடக்கவில்லை என்றால் மூன்றாவது முறை அங்கே பேச வேண்டாம். தளத்தின் அடிப்பகுதியில் குறைதீர்ப்பு அதிகாரியின் விவரம் இருக்கும். அவருக்கு எழுதுங்கள். கோபத்தைக் கடிதத்தில் கொட்ட வேண்டாம்; தேதியும் தொகையும் கேட்பதும் தெளிவாக இருக்கட்டும். அத்தைக்காக நான் எழுதியதைச் சற்றே பொதுவாக்கித் தருகிறேன். உங்கள் விவரத்தைப் போட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

"பொருள்: ஆர்டர் எண் ……, பழுதான மிக்ஸிக்கு 3,649 ரூபாய் திருப்பித் தரக் கோருவது.

ஐயா / அம்மா, மேற்கண்ட மிக்ஸி …… தேதி எனக்குக் கிடைத்தது. …… தேதி, அதாவது கிடைத்த மூன்றாம் நாள், மோட்டார் கருகிய வாடையுடன் நின்றது, ஜார் கசிந்தது. அன்றே உங்கள் சேவை எண்ணில் தெரிவித்தேன். புகார் எண் ……. உங்கள் டெக்னீஷியன் …… தேதிதான் வந்தார். மோட்டார் பழுது என்று அவரே சொன்னார். நான் கெடுவுக்குள் புகார் செய்திருக்க, கெடு முடிந்தது என்று காட்டிப் பணம் மறுக்கப்படுகிறது.

பழுதான பொருளைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக் கூடாது என்பது நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், 2020. ஆகவே பொருளை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் நான் செலுத்திய கணக்கிலேயே 15 நாளுக்குள் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும், நான் வசிக்கும் மாவட்டத்துக்கு உரிய நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் முறையிடுவேன். விற்பனையாளரின் முழு முகவரியையும் தெரிவிக்கவும்.

இணைப்பு: பில், அழைப்புப் பட்டியலின் படம், புகார் எண் வந்த குறுஞ்செய்தி, பழுதைக் காட்டும் காணொளி."

பழுதைக் காட்டும் காணொளி 20 விநாடி இருந்தாலே போதும். அத்தை மிக்ஸியைப் போட்டு, அது நிற்பதையும், சிவப்புப் பொத்தான் வெளியே துள்ளுவதையும், ஜாரின் அடியில் தண்ணீர் சொட்டுவதையும் எடுத்தோம். சட்னி போட்டு எடுக்கவில்லை, வெறும் தண்ணீர்தான். தண்ணீருக்கே நிற்கிறது என்றால், தேங்காய் அதிகம் போட்டீர்கள் என்று சொல்ல முடியாதல்லவா.

எடுக்க வரும் நாள்

கடிதம் போய் ஆறாம் நாள் பொருளை எடுக்க ஒரு பையன் வந்தான். மிக்ஸியைக் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றி அத்தை தயாராக வைத்திருந்தார். "பொட்டி எங்க ஆச்சி?" என்றான். பெட்டியில் வெங்காயம் கிடந்தது. ஒரு பக்கம் கிழிந்தும் இருந்தது. "பொட்டி இல்லாம எடுத்துட்டுப் போனா அங்க வாங்க மாட்டாங்க ஆச்சி. என் சம்பளத்துலதான் கை வைப்பாங்க." அவன் சொன்னதில் பொய் இல்லை. வெங்காயத்தைக் கொட்டி, பெட்டியை ஒட்டி, ஜார் மூன்றும் மூடியும் கையேடும் எண்ணி உள்ளே வைத்தோம். மறுநாள் வந்து எடுத்துப் போனான்.

எடுக்க வருபவரிடம் சண்டை போடாதீர்கள். முடிவு அவர் கையில் இல்லை. எடுத்துப் போக மறுத்தால், மறுத்த காரணத்தைச் செயலியில் என்னவென்று பதிகிறார் என்று கேட்டு, அன்றே நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். எடுத்துப் போனால், மூடுவதற்கு முன் பெட்டிக்குள் இருப்பதையும் சீரியல் எண்ணையும் படம் பிடியுங்கள். எடுத்ததற்கான சீட்டோ குறுஞ்செய்தியோ வாங்காமல் அனுப்பாதீர்கள். பின்னால் கிடங்கிலிருந்து "வேறு பொருள் வந்திருக்கிறது" என்று சொன்னால் காட்ட அதுதான் இருக்கும். ஃபோன், மடிக்கணினி என்றால் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, படங்களை அழித்த பிறகே கொடுங்கள்.

அனுப்பிவிட்டோம் என்கிறார்கள், வரவில்லை

இதற்கு ஒரே கேள்விதான். "பரிவர்த்தனை எண் என்ன?" கார்டு என்றால் ஏஆர்என், வங்கிப் பரிமாற்றம் என்றால் யுடிஆர், யுபிஐ என்றால் அதன் குறிப்பு எண். உண்மையாகவே பணம் அனுப்பியிருந்தால் இந்த எண் இல்லாமல் இருக்காது. எண்ணை வாங்கிக்கொண்டு வங்கிக்குப் போனால், பணம் எங்கே நிற்கிறது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். எண் தராமல் இழுத்தால் பணம் இன்னும் கிளம்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டில் பணம் கட்டியவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. விற்பனையாளர் மறுக்கிறார் என்று கார்டு தந்த வங்கியிடமே முறையிடலாம். வங்கிகளில் இதைச் சார்ஜ்பேக் என்பார்கள். இதற்கும் கெடு உண்டு என்பதால் தளத்தின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் எழுதிய கடிதமும் அவர்கள் மறுத்த பதிலும்தான் அங்கேயும் ஆதாரம். யுபிஐ செயலியிலும் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதியலாம். கார்டு அளவுக்கு அதில் பிடி இல்லை என்பது என் அனுபவம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பணம் திரும்ப வரவில்லையே என்ற தவிப்பில் இருப்பவர்களைக் குறிவைத்தே ஒரு திருட்டுக் கூட்டம் இயங்குகிறது. சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். அங்கே முதலில் வருவது பல நேரம் போலி எண். செயலிக்குள் இருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். பணம் அனுப்புகிறோம், இந்தச் செயலியை இறக்குங்கள், திரையைக் காட்டுங்கள், யுபிஐ பின் போடுங்கள் என்று யார் சொன்னாலும் ஃபோனை வைத்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு யாரும் பின் போட வேண்டியதே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் அந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள். இன்ஸ்டாகிராமில் புடவை விற்றுவிட்டு உங்களைத் தடை செய்து மறைந்துவிடுகிறவர்களுக்கும் அதே எண்தான்.

1915, அதற்குப் பிறகு ஆணையம்

கடிதத்தில் கொடுத்த 15 நாள் கழிந்தும் அசையவில்லை என்றால் 1915க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி மையம், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். ஆர்டர் எண், தேதி, தொகை, கடிதம் அனுப்பிய நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். உத்தரவு போடும் அதிகாரம் அந்த மையத்துக்கு இல்லை. ஆனால் உங்கள் புகாரை நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பிப் பதில் கேட்பார்கள். சேவை மையத்தில் பத்து முறை பேசியும் கேட்காத காது அங்கிருந்து போனால் கேட்கிறது. அத்தை விஷயம் இந்தப் படிக்கு வந்ததும் முடிந்தது. பையன் பொருளை எடுத்துப் போய்ப் பத்து நாளாகியும் பணம் வராததால் 1915இல் பதிந்தோம். ஐந்தாம் நாள் 3,649 ரூபாய் அவருடைய கணக்கில் ஏறியது.

அங்கேயும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பலரும் இந்தப் பெயரைக் கேட்டதுமே கோர்ட்டு, வக்கீல், செலவு என்று பின்வாங்கிவிடுகிறார்கள். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஆணையத்தில் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நிறுவனம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊருக்கு உரிய ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். இது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி. 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே மனுவைப் பதியலாம். காணொளி வழி விசாரணை கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

மனுவில் தளம், விற்பனையாளர், தயாரிப்பாளர் மூவரையும் எதிர்த் தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர்கள் பழியை அவர் மீது போட்டுத் தப்பப் பார்ப்பார்கள். பொருளின் விலையோடு, உங்களுக்கு நேர்ந்த அலைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கேளுங்கள். கேட்காததை ஆணையம் தானாகத் தராது. எங்கள் ஒப்பந்தப்படி நடுவர் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்று நிறுவனம் வாதிட்டால் அஞ்ச வேண்டாம். அப்படி ஒரு நிபந்தனை இருப்பது நுகர்வோர் மன்றத்தின் கதவை அடைக்காது என்று 2018 டிசம்பரில் எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆய்வகச் சோதனை தேவைப்படாத புகாரை மூன்று மாதத்துக்குள், தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் குறிக்கோள். நடைமுறையில் அதற்கு மேலும் ஆகிறது. அதற்குத் தயாராகவே போங்கள். உத்தரவு வந்த பிறகும் நிறுவனம் பணம் தராவிட்டால், குறைந்தது ஒரு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் இருக்கிறது. இதனால்தான் ஆணையத்தின் அறிவிப்பு கையில் கிடைத்ததுமே பல நிறுவனங்கள் சமரசத்துக்கு வந்துவிடுகின்றன.

மனு கொடுக்க, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அலமாரியில் ஓடாத மிக்ஸியோ, ஒரு வாரத்தில் அணைந்துபோன ஃபோனோ கிடந்தால், பில்லைத் தேடி எடுத்துத் தேதியைப் பாருங்கள். இரண்டு ஆண்டு ஆகவில்லை என்றால் மேலே தந்த கடிதத்தில் உங்கள் ஆர்டர் எண்ணைப் போட்டு இன்றைக்கே அனுப்புங்கள்.